பீரங்கி ஒன்பது, பெஞ்சு பதினான்கு

நல்லகண்ணு நாற்பதடி ஆழத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான், அவருடைய மகள் துப்பாக்கியுடன் பிடிபட்ட செய்தி வந்தது.

செங்குளத்துப்பட்டியில் பாறைக்கு வெடிமருந்து வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கண்மாய்க்குத் தண்ணீர் வராத மூன்றாவது வருஷம் அது. கிணறு வைத்திருந்தவர்கள் எல்லாம் தண்ணீரைத் தேடிக் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நல்லகண்ணு போய்க்கொண்டிருந்தார். அன்று காலையில் பாறையில் ஐந்து குழி துளைத்து, மருந்தைக் கெட்டித்து, திரியைச் சொருகப் போகும் நேரத்தில் கிணற்று விளிம்பில் ஒரு சைக்கிள் சக்கரமும் ஒரு தலையும் தெரிந்தன. தலை, பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் பொன்ராஜுடையது.

"நல்லகண்ணு! மேல வாய்யா! ஒம் மக ஜக்கம்மா துப்பாக்கியோட மாட்டிக்கிருச்சு. ஹெட்மாஸ்டரு கையோட கூட்டியாரச் சொல்லிட்டாக!"

ஊரில் இருந்ததே ஒரு துப்பாக்கிதான். அது பெரிய வீட்டுச் சுவரில் ஒட்டடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கவே இரண்டு ஆள் வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படித் தூக்கிக்கொண்டு போயிருக்கும்? நினைப்பு வேறெங்கோ இருக்கும்போது மருந்தைத் தொடக்கூடாது என்று தெரிந்தவராதலால், நல்லகண்ணு திரிகளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மேலே ஏறி, யாரும் கிணற்றில் இறங்கக்கூடாது என்று மேலே நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார்.

"யாரையும் சுட்டுருச்சா சார்?"

"சுட்டது சுட்டுருச்சு. யாருக்கும் படல. மத்தத விசாரணையில சொல்லுவாக. நான் சாட்சி. வழியில பேசக்கூடாது."

போன மாதம்தான் நாட்டின் எல்லையில் நடந்த சண்டை முடிந்திருந்தது. டிசம்பர் முழுக்கப் பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோ காலையும் மாலையும் சண்டைச் செய்தி சொன்னது. அதைக் கேட்ட பிள்ளைகள் கோலி, பம்பரம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போர் புரியத் தொடங்கியிருந்தார்கள். எங்கோ ஓர் ஊரில் ஒரு பையன் குச்சியால் இன்னொருவன் கண்ணருகே குத்திவிட்டானாம். மேலிடத்திலிருந்து இரண்டு வரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது: மாணவர்கள் அபாயமான விளையாட்டுகளில் ஈடுபடாமல் தலைமையாசிரியர்கள் பார்த்துக்கொள்ளவும்.

மற்றப் பள்ளிக்கூடங்கள் அதை ஆணியில் குத்திவிட்டு மறந்தன. செங்குளத்துப்பட்டித் தலைமையாசிரியர் சோலைச்சாமி அப்படிப்பட்டவர் அல்ல. இருபத்தாறு வருஷ சர்வீஸில், அவரே விரித்து விளக்கம் எழுதுகிற மாதிரி ஓர் உத்தரவுகூட அதுவரை வந்ததில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, அந்த இரண்டு வரியை இருபத்திரண்டு விதிகளாக்கினார். அவற்றை வராந்தாச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுத வைத்தார். அங்கே ஏற்கெனவே பெருக்கல் வாய்ப்பாடு இருந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஒன்பதாம் விதி அவருக்கே மிகவும் பிடித்தது: ஆயுதம் என்பது ஆயுதமும், ஆயுதம் போன்றதும், ஆயுதம் என்று எண்ணப்படுவதும் ஆகும்.

நல்லகண்ணு உள்ளே போனபோது, மேசை மேல் விதிப் புத்தகமும் மைக்கூடும் பிரம்பும் இருந்தன. மேசைக்கு முன்னால் ஜக்கம்மா வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"எங்க சார் துப்பாக்கி?"

சோலைச்சாமி பிரம்பை எடுத்துச் சுட்டினார். அதன் நுனி ஜக்கம்மாவின் ஆள்காட்டி விரலில் போய் நின்றது.

"அது அவ வெரலு சார்."

விசாரணை என்றால் செந்தமிழில்தான் பேசுவது என்பது சோலைச்சாமியின் கொள்கை. "காலை ஒன்பதரை வரையில் விரல். அதன்பின் பிரார்த்தனைக் கூட்டத்தில் நான் அமைதியைப் பற்றி உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது, கூரை மேல் அமர்ந்திருந்த ஒரு காகத்தை நோக்கி அது நீட்டப்பட்டது. 'டுமீல்' என்ற ஒலியும் எழுப்பப்பட்டது. அந்தக் கணத்திலிருந்து அது துப்பாக்கி. விதி ஒன்பது."

"காக்கா செத்துப்போச்சா சார்?"

"பறந்துவிட்டது."

"அப்ப ஒண்ணும் ஆகலையே சார்."

"ஏன் பறந்தது?" சோலைச்சாமி முன்னால் சாய்ந்தார். "நான் நாற்பது நிமிஷம் பேசினேன். அதுவரை அசையாமல் இருந்த காகம், இந்தப் பெண் சுட்டவுடன் பறந்திருக்கிறது. எனவே ஆயுதம் வேலை செய்யும் நிலையில் இருந்திருக்கிறது."

நல்லகண்ணுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த பொன்ராஜ், சாட்சியாகவும் எழுத்தராகவும் ஒரே சமயத்தில் பணியாற்றியவர், 'தகப்பனார் சிரித்தார்' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது பறிமுதல். பறிமுதல் செய்த பொருளைச் சுற்றிக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, பீரோவில் பூட்டவேண்டும் என்றது பதினோராம் விதி. மூன்று பெரியவர்களும் விரலைப் பார்த்தார்கள். பிறகு பீரோவைப் பார்த்தார்கள்.

"பிள்ளையோட சேத்து உள்ள வச்சுப் பூட்டிருவமா சார்?" என்று பொன்ராஜ் கேட்டார்.

சோலைச்சாமி அதை நேர்மையாகப் பரிசீலித்தார். "முடியாது. உள்ளே தேசப்படங்கள் இருக்கின்றன. கசங்கிவிடும்."

கடைசியில், இருந்த இடத்திலேயே முத்திரை வைப்பது என்று முடிவானது. பொன்ராஜ் அந்த விரலில் துணியைச் சுற்றிச் சுற்றிக் கத்திரிக்காய் அளவுக்குக் கொண்டுவந்தார். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி அதன்மேல் சொட்டியபோது, நல்லகண்ணு தன் இடது கையை மகளின் கைக்குக் கீழே ஏந்திக்கொண்டார். வழிந்த இரண்டு சொட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அந்தக் கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

"மற்ற இரண்டும் எங்கே?" என்றார் சோலைச்சாமி.

"பந்தல்குடிப் பக்கம் ஒரு கெணத்துல போயிருச்சு சார். திரி முந்திக்கிருச்சு."

"ஆக, பரம்பரையாகவே ஆயுதப் பழக்கம் இருக்கிறது." பொன்ராஜ் அதையும் எழுதிக்கொண்டார்.

கைநாட்டு வைத்துவிட்டு எழுந்த நல்லகண்ணு, தெரியாமல்தான் கேட்டார்: "சார், இந்தப் பெரம்பு?"

"இது ஆயுதம் அல்ல. கல்வித் துணைக்கருவி." சோலைச்சாமி அதைத் தடவிக் கொடுத்தார். "வன்முறை கூடாது என்று இந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை அடித்து அடித்துச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா?"

"நான் சாட்சி," என்றார் பொன்ராஜ்.

வீட்டில் அவர் மனைவி முத்துப்பேச்சி மகளின் விரலைப் பார்த்துவிட்டு, தேளா, பூரானா என்று பதறினாள். நடந்ததைக் கேட்டதும் அவள் பதற்றம் வேறு பக்கம் திரும்பியது.

"படிச்சுக் கிழிச்சது போதும். நாளையிலருந்து என்கூட மொளகாப்பழம் பெறக்க வரட்டும். அங்க எந்த விரலையும் யாரும் கட்ட மாட்டாக."

நல்லகண்ணு மடியிலிருந்த திரிகளை அவிழ்த்து மாடத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: "மருந்துப் பெட்டி மேல என்னமோ எழுதியிருக்கு. பதினஞ்சு வருசமா அந்தப் பெட்டியத் தொறக்கிறேன், மூடுறேன். என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு வெரலும் எங்கிட்ட இருந்திருக்குமோ என்னமோ. இவ வாசிக்கணும் புள்ள. அவுக என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டுப் போவோம்."

ஜக்கம்மா பள்ளிக்கூடம் போனாள். தினமும் காலையில் அவள் விரலின் அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கப்பட்டது. பல்பத்தை வலது கையில் பிடிக்க முடியாததால் இடது கையால் எழுதினாள். எழுத்து சாய்ந்தது. சாய்ந்ததற்குத் தனியாக அடி விழுந்தது. அதற்கும் விதிகளுக்கும் சம்பந்தமில்லை, அது வழக்கமான அடி.

குடியரசு தினத்துக்காகப் பொன்ராஜ் அறுபது பிள்ளைகளின் தோளில் கம்புகளைக் கொடுத்து, துப்பாக்கி பிடிக்கிற மாதிரியே பிடிக்கச் சொல்லி மைதானத்தில் நடக்க வைத்தார். அந்த அறுபதும் கம்புகள். மணியடித்த பிறகு ஒரு பையன் அதே கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அது ஆயுதம்.

இப்படிப் பிடிபட்டவர்கள் பெருகவே, சோலைச்சாமி ஒரு பெரிய மனதுக் காரியம் செய்தார். "மறைத்து வைத்திருக்கும் ஆயுதங்களையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் நீங்களாகவே ஒப்படைத்துவிட்டால், முழு மன்னிப்பு. ஒரே ஓர் அடிதான்," என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை நூற்று நாற்பது பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். முதலில் வந்த பையன், "எங்கிட்ட ஒண்ணுமே இல்ல சார்" என்றான். ஆயுதத்தை மறைத்ததற்காக அவனுக்கு நாலு அடி விழுந்தது. அதன்பிறகு வந்தவர்களில் ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி வில் கொடுத்தாள். ஒருவன் பீரங்கி கொடுத்தான். பின்னால் நின்றவன், பீரங்கிக்கும் ஒரே அடிதான் என்று கண்டுகொண்டு விமானம் கொடுத்தான். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கு ஓர் அணுகுண்டை ஒப்படைத்தார்கள். ஒரு சிறு பெண் கப்பல் என்றாள்.

"கப்பலா? எங்கே நிற்கிறது?"

"ஊருணியில சார்."

"ஊருணியில் தண்ணீரே கிடையாதே."

"அதான் சார் நிக்கிது."

பறிமுதல் பொருட்களுக்கென்று தனிப் பதிவேடு இல்லை. எனவே பொன்ராஜ் எல்லாவற்றையும் தளவாடப் பதிவேட்டில், பெஞ்சு பதினான்கு, நாற்காலி ஐந்து, உலக உருண்டை ஒன்று என்று இருந்ததற்குக் கீழே, அழகான கையெழுத்தில் வரவு வைத்தார். பீரங்கி ஒன்பது. விமானம் ஆறு. கப்பல் ஒன்று. அணுகுண்டு இரண்டு. இப்படியே மூன்று பக்கம்.

அன்றைக்கு மத்தியானமே நல்லகண்ணுவுக்கு மறுபடி ஆள் வந்தது.

"துப்பாக்கி எங்கள் வசம் இருக்கிறது," என்றார் சோலைச்சாமி. "தோட்டாக்களை உன் மகள் இன்னும் ஒப்படைக்கவில்லை."

"எங்கிட்ட தோட்டாவே கெடையாதுப்பா," என்றாள் ஜக்கம்மா. "நான் வாயாலதான் சுட்டேன்."

சோலைச்சாமியின் பார்வை மெல்ல இறங்கி, பிள்ளையின் வாயில் நின்றது. பொன்ராஜ் துணியையும் அரக்கையும் எடுத்து மேசை மேல் வைத்தார்.

"பன்னண்டு சார்!" நல்லகண்ணு முந்திக்கொண்டார். "பன்னண்டு தோட்டா. எழுதிக்கோங்க. பிள்ளைக்குத் தெரியாது. நான்தான் வச்சிருந்தேன்."

"இப்போதாவது உண்மை வந்ததே." சோலைச்சாமி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். "இது உன் மகளுடைய டி.சி. நன்னடத்தை என்ற இடத்தில் 'ஆயுதம் தாங்கியவர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. தேதி மட்டும் பாக்கி. இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் தேதியையும் போட்டுவிடுவேன். அப்புறம் இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் இவளைச் சேர்க்காது."

வெளியே வந்த நல்லகண்ணு வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். நிஜமான மருந்தை வைத்து நிஜமான பாறையை உடைக்க டவுன் ஆபீசில் லைசென்ஸ் வாங்கியபோது, அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பீடி குடிப்பாயா? இல்லை என்றார். கொடுத்துவிட்டார்கள். இந்த விரலுக்கு யாரிடம் போய் எந்த லைசென்ஸ் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம், பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற டெபுடி இன்ஸ்பெக்டர் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். டி.ஐ. என்று சொன்னாலே வாத்தியார்கள் வேட்டியைச் சரிசெய்து கொள்வார்கள். சோலைச்சாமி அவரை வராந்தாவில் நிறுத்தி இருபத்திரண்டு விதிகளையும் வாசித்துக் காட்டினார். டி.ஐ. முறுக்கைத் தின்றுகொண்டே முகம் மாறாமல் கேட்டார். பிறகு, "தளவாடப் பதிவேடு" என்றார்.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பெஞ்சுகளை எண்ணினார். உலக உருண்டையைச் சுற்றிப் பார்த்தார்.

"பீரங்கி ஒன்பது. எங்கே?"

சோலைச்சாமி பெருமையோடு சிரித்தார். "அவை கற்பனை ஆயுதங்கள் ஐயா."

"எந்தக் கட்டத்தில் கற்பனை என்று எழுதியிருக்கிறது?"

"எழுதவில்லை ஐயா. ஆனால் அவை... இல்லாதவை."

"இல்லாததை இருப்பில் எழுதினால் பொய்க் கணக்கு. இருந்ததை இல்லை என்றால் களவு." டி.ஐ. பேனாவைத் திறந்தார். "இரண்டில் எது என்று சொல்லுங்கள். அதற்குத் தகுந்த படிவத்தில் எழுதிக்கொள்கிறேன்."

சோலைச்சாமியின் செந்தமிழ் அந்த இடத்தில் வற்றிப்போனது. "அய்யா, பிள்ளகுட்டிக்காரன் அய்யா. ரிட்டயர்டு ஆக மூணு வருசந்தான் இருக்கு. ஒரு வழி சொல்லுங்க."

டி.ஐ. இரக்கமில்லாதவர் அல்ல. விதி எங்கே வழிவிட்டதோ அங்கே அவரும் வழிவிடுவார். "பயனற்ற தளவாடங்களை அழித்துக் கணக்கிலிருந்து நீக்கலாம். வெடிக்கும் பொருளாக இருந்தால், லைசென்ஸ் உள்ள ஆள் அழிக்கவேண்டும்."

மூன்றாவது தடவையாக நல்லகண்ணுவுக்கு ஆள் போனது. இந்த முறை சோலைச்சாமியே வாசல் வரை வந்தார்.

"வாப்பா நல்லகண்ணு, ஒக்காரு. ஒங்கிட்ட மருந்து இருக்குல்ல? மைதானத்துல வச்சு ஒரு வெடி வெடிச்சிரு. பிள்ளைகளும் சுத்தி நின்னு கை தட்டட்டும். அமைதி விழாவா நடத்திருவோம்."

நல்லகண்ணு உட்காரவில்லை. "பிள்ளைக இருக்கிற எடத்துக்கு நான் மருந்து கொண்டாற மாட்டேன் சார்."

"நான் உத்தரவு போடுகிறேன்!"

"போடுங்க. நான் வாரேன். மருந்து வராது." அவர் குரல் உயரவில்லை. அந்த அறையில் அவர் முதல்முறையாகத் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசினார். "இல்லாத பீரங்கிக்கு இல்லாத மருந்து போதும்."

சோலைச்சாமி டி.ஐ.யைப் பார்த்தார். டி.ஐ. தம் விதிகளை எடுத்துப் புரட்டினார்.

"அழிக்கவேண்டும் என்றுதான் இருக்கிறது; எதைக்கொண்டு என்று இல்லை. அளவு சரியாக இருந்தால் ஆட்சேபணை இல்லை."

"அதுக்கு மின்னாடி ஒண்ணு," என்றார் நல்லகண்ணு. "துப்பாக்கியும் தோட்டாவும் அந்தக் கணக்குலதான இருக்கு? வெடிச்ச பொறகு அதுவும் இருக்காது. அப்ப எம் மக டி.சி.யக் கிழிச்சிரணும். வெரல அவுத்து விட்ரணும். இல்லன்னா நான் கெணத்து வேலைக்குப் போறேன்."

டி.ஐ. தலையசைத்தார். பொருள் இல்லாத இடத்தில் குற்றம் இருக்க முடியாது என்று அவருடைய படிவத்திலும் இருந்தது.

நல்லகண்ணு அந்த வேலையை ஏனோதானோ என்று செய்யவில்லை. அவருக்கு அப்படிச் செய்யத் தெரியாது. மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு குழியாகத் துளைத்தார், மருந்தைக் கெட்டித்தார், திரியை அளந்து வெட்டினார். எல்லாம் வெறும் கையால், காற்றில். பிள்ளைகளையும் பெரியவர்களையும் நூறு காலடி தள்ளி, கண்மாய்க் கரைக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்.

"இவ்வளவு தூரம் வேண்டுமா?" என்றார் டி.ஐ.

"அணுகுண்டு ரெண்டு இருக்குல்ல சார்."

டி.ஐ. இன்னும் இருபது காலடி தள்ளிப் போனார்.

நல்லகண்ணு வாயருகே கையைக் குவித்து, "வெடீ... வெடீ... வெடீ..." என்று மூன்று தடவை கூவினார். இல்லாத தீப்பெட்டியை உரசினார். குனிந்து ஓடிவந்து கரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. மைதானத்தின் நடுவே ஓர் ஆடு நடந்து போனது.

"சத்தம் வரவில்லையே," என்றார் டி.ஐ. "வெடித்தது என்று நான் எப்படிச் சான்றிதழ் எழுதுவது?"

"திரி நனைஞ்சிருக்கும் சார். கிட்டப் போகக்கூடாது. பொறுங்க."

ஒரு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த நூற்று நாற்பது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் தொடங்கியது என்று பின்னால் எந்த விசாரணையிலும் தெரியவரவில்லை. "டமா...ர்!" என்று ஒரே குரலாக எழுந்த சத்தத்தில் ஆடு துள்ளி ஓடியது. சோலைச்சாமியின் குடை பறந்தது. பொன்ராஜ் கரையோர ஓடைக்குள் குதித்தார். டி.ஐ. காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தார்.

டி.ஐ. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, 'பேரொலியுடன் அழிக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு அங்கேயே பிள்ளைகளுக்கு ஒரு சிற்றுரையும் ஆற்றினார்.

"இன்றுமுதல் இது ஆயுதமில்லாத பள்ளிக்கூடம். இந்தத் திட்டத்தை எல்லா ஊர்களுக்கும் கொண்டுபோகச் சிபாரிசு செய்வேன். ஒரே ஒரு சிரமம், மற்ற ஊர்ப் பிள்ளைகளிடம் இப்போதைக்கு ஆயுதம் இருப்பதாகக் கணக்கு இல்லை. முதலில் அதை எழுதி வாங்கவேண்டும்."

அறைக்குத் திரும்பியதும் சோலைச்சாமி டி.சி.யைக் கிழித்தார். நல்லகண்ணு கிழிந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, யாரும் மறுபடி ஒட்டிவிட முடியாதபடி இன்னும் சின்னதாகக் கிழித்தார். பொன்ராஜ் பிளேடால் அரக்கை அறுத்துத் துணியைப் பிரித்தார். உள்ளே இருந்த விரல் வெளுத்து, தோல் சுருங்கி, மடங்கியபடியே நின்றது. நல்லகண்ணு மேசைக்கு எதிரே மண்டியிட்டு, அந்த விரலைத் தன் கைக்குள் வைத்து மெதுவாக நீவிவிட்டார்.

"நீட்டு தாயி. மெள்ள. வலிச்சா நிப்பாட்டிரு."

ஜக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினாள். விரல் கணுக்கணுவாக நிமிர்ந்தது. நிமிர நிமிர, அது நேர் எதிரே இருந்தவர்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டி.ஐ. பதிவேட்டை எடுக்கப் போகிறவர்போலப் பீரோவுக்குப் பின்னால் நகர்ந்தார். பொன்ராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சோலைச்சாமி நாற்காலியிலிருந்து சரிந்து, கீழே எதையோ தேடத் தொடங்கினார்.

விரல் முழுசாக நேரானது. ஜக்கம்மா அதைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"சார், ஒண்ணுக்குப் போகணும்."

மேசைக்கு அடியிலிருந்து அனுமதி வழங்கப்பட்டது.